ஊற்றடிப் பலகை

சூஸ் மாப்பு,
ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை

எல்லைக்கு அந்தப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் இந்தக் கடிதத்தை ஒரேலியனுக்கு வாசித்துக் காட்டப்போகும் பிள்ளைக்கு முதலில் ஒரு வார்த்தை. தம்பி, உன் பெயர் எனக்குத் தெரியாது. பயப்படாதே, இது பிரெஞ்சு இல்லை. நம் வீட்டு மொழியில், கிரெயோலில் எழுதியிருக்கிறேன். அவனை உட்காரவைத்து மெதுவாக வாசி. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் புரிகிறதா என்று கேள். இல்லை என்றால் திரும்ப வாசி. குரல் அழகாக இருக்கவேண்டும் என்பதில்லை.

அன்புள்ள ஒரேலியனுக்கு, உன் பழைய வாத்தியார் எலிஃபாத் தெசினோர் எழுதுவது. உன் மனைவி சிலியானாவுக்காக நான் உனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் "மிகுந்த மரியாதையுடன் பேனாவைக் கையிலெடுக்கும் பேறு பெற்றேன்" என்று தொடங்கும். அந்தப் பேறு எனக்கு இனிமேல் வேண்டாம். ஐம்பத்தெட்டு வயதில், நம் மொழியில் நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய சிவப்பு ஷூ போன சனிக்கிழமை வந்து சேர்ந்தது. சந்தைக்காரி ஒவில்மா கூடையிலிருந்து எடுத்து சிலியானாவிடம் கொடுத்து, நீ சொல்லியனுப்பியதையும் சொன்னாளாம். "டிசம்பர்ல நான் வரும்போது சின்னவன் இதைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கணும். அளவு கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், அதுக்குள்ள வளர்ந்துருவான்ல." சிலியானா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஜெதெயோன் இல்லை, ஒரேலியன். உன் மகன் செத்துப்போய்விட்டான். மார்ச் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காலராவில், அவன் அம்மா மடியில். மூன்று வயது முடிய இன்னும் பதினாறு நாள் இருந்தது.

தம்பி, இங்கே நிறுத்து. அவன் கையைப் பிடித்துக்கொள். அவன் மேலே வாசி என்று சொன்ன பிறகு வாசி. நாளைக்குத்தான் என்றால் நாளைக்கு வாசி.

ஒரேலியன், இதை ஏப்ரலிலேயே நான் உனக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. என் எழுத்தின் மேல் எனக்கு அவ்வளவு மோகம், எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்வேன். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு சிலியானா என் வீட்டுக்கு வந்து, "அந்தக் கடுதாசில என்னதான் எழுதினீங்க, வாத்தியாரே?" என்று கேட்டாள். நகலை எடுத்து வாசித்தேன். அந்தப் பிரெஞ்சை நம் பேச்சில் எப்படிச் சொல்வது? "இப்புவியின் இன்னல்கள் அணுகாப் பேரொளியின் சன்னிதியில் தங்கள் இளஞ்செல்வம் அமைதி எய்தியுள்ளது." இந்த மாதிரி ஒன்றரைப் பக்கம். செத்தான் என்ற சொல்லே அதில் கிடையாது. அங்கே உனக்கு அதை யார் வாசித்தார்களோ தெரியாது. வீட்டில் எல்லாரும் அமைதியாக இருக்கிறார்கள், உனக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உன்னிடம் சொன்னார்களாம். ஒவில்மா மூலம் கேள்விப்பட்டேன். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தக் கடிதம் எழுதப்பட்டது உனக்குப் புரிவதற்காக இல்லை, என்னைப் பார்த்து ஊர் வியப்பதற்காக.

சிலியானா என்னைத் திட்டவில்லை. "நான் உங்ககிட்ட சொன்னது ரெண்டே வரி, வாத்தியாரே. புள்ள போயிட்டான், நீ கிளம்பி வா. அந்த ரெண்டு வரி இதுல எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். உன் மகள் ரோஸ்லாந்தைப் பற்றியது. அவளுக்கு நான் ஞானத்தகப்பன், மறந்துவிடாதே. அவள் வாசிப்பதை விட்டுவிட்டாள். தன் தம்பியைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது உண்மை இல்லை. உண்மையைச் சொல்கிறேன், கேள்.

ஜெதெயோன் சாவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில் சுகாதாரக்காரர்களின் வண்டி ஊற்றடிக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் ஒரு தகரப் பலகையை ஆணியடித்துவிட்டு, ஊரில் யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டது. அடுத்த மலைக்குப் போகும் அவசரமாம். கொஞ்ச நேரத்தில் பெண்கள் வாளியோடு வந்தார்கள். சிலியானாவும் ரோஸ்லாந்தும் வந்தார்கள், ஜெதெயோன் அம்மா இடுப்பில். பெரிய நீல எழுத்தில் பிரெஞ்சில் ஏதோ இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. "அடியே ரோஸ்லாந்த், வாத்தியார் உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாரே, எங்க, படி பாப்போம்" என்று மெலிஸ்தீன் கிழவி சீண்டியிருக்கிறாள். உன் மகள் பாவாடையைத் தட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்பதுபோல நின்று வாசித்தாள்.

"அறிவிப்பு. இந்நீர் பருகுதற்கு உகந்ததன்று." பிரெஞ்சில் இதைவிடக் கரடுமுரடு, நான் நமக்கு எட்டிய அளவுக்குச் சொல்கிறேன். ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்தாள். பெண்கள் கை தட்டினார்கள். "வெள்ளைக்காரி கெட்டா போ!" என்றாள் ஒருத்தி. சிலியானா மகள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "என்னடி சொல்லுது?" என்று யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. வாசிப்பது என்றால் வாயால் சரியாகச் சொல்வது என்றுதான் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். வாசித்து முடித்தார்கள், வாளிகளை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இதுவரைக்கும் ஊருக்கே தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. அவள் வாசித்தபோது நானும் அங்கே இருந்தேன்.

பரீட்சைத் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு, கோவேறு கழுதை மேல் ஏறிப் பங்குக் கோயில் இருக்கும் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதை ஊற்றுக்கு மேலே போகிறதே, அந்த மாமரத்தடியில் அவள் குரல் கேட்டது. கழுதையை நிறுத்தினேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. எனக்குப் பிரெஞ்சு தெரியும், ஒரேலியன்! ஊரிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். முப்பத்தொரு வருடமாகப் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு என் காது உச்சரிப்பைத் தவிர வேறெதையும் வாங்காமல் போய்விட்டது. கடைசிச் சொல்லில் அவள் மூக்கொலி கொஞ்சம் குறைந்தது. கழுதை மேலிருந்தே கத்தினேன்: "மூக்கால சொல்லு பிள்ளே, கடைசி ஒலியை விழுங்காதே!" பெண்கள் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்த சத்தத்தில் அது அவள் காதில் மட்டும்தான் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்து, சிரித்து, திருத்திச் சொன்னாள். நான் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கழுதையைத் தட்டினேன். போகிற வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை திரும்பி வந்தேன். ஊற்றடியில் கழுதை தண்ணீர் குடிக்க நின்றபோது பலகையைக் கண்ணால் பார்த்தேன். நம் பேச்சில் சொன்னால் அதில் இருந்தது இவ்வளவுதான்: இந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க. அதற்குள் ஜெதெயோனைப் புதைத்து முடித்திருந்தார்கள். ஊரில் பதினொரு பேர் படுத்தார்கள், பத்துப் பேர் எழுந்துவிட்டார்கள்.

அர்த்தத்தை ஊருக்குச் சொன்னதும் நான்தான். எல்லாரும் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நான் நல்லது பண்ணியதாக நினைத்து அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். ரோஸ்லாந்த் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கும் அர்த்தம் தெரிந்தது. மாமரத்தடியில் நான் நின்றதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மூன்று மாதமாக அந்தப் பத்து வயதுப் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்காமல் தூக்கிச் சுமந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். ரிப்பன் கட்டி, சீருடை மடிப்புக் கலையாமல் வந்து உட்காருகிறாள். முறை வந்தால் எழுந்து நின்று புத்தகத்தை மூடிவிடுகிறாள். வீட்டில் பால் டின்மேல் இருந்த எழுத்தைக் கல்லால் சுரண்டியிருக்கிறாள். ஏன் பிள்ளே என்று சிலியானா கேட்டதற்கு, "நான் வாசிச்சா யாராச்சும் செத்துப்போவாங்கம்மா" என்று சொன்னாளாம்.

உனக்கு என் மரச்சில்லு ஞாபகம் இருக்கும், இல்லாமல் எங்கே போகும். வகுப்பில் கிரெயோல் பேசிய பிள்ளையின் கழுத்தில் நான் மாட்டும் சில்லு. என்னிடம் நீ படித்தது இரண்டே வருடம், அதில் முக்கால்வாசி நாள் அது உன் கழுத்தில்தான் கிடந்தது. பிறகு நீ வரவே இல்லை. உங்கள் அப்பாவிடம் நான், "இவனுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது, மண்வெட்டியக் குடுங்க" என்று சொன்னேன். உன் மகளின் கழுத்தில் அதை ஒரே ஒரு தடவை மாட்டினேன். சுகாதாரப் பாடம், பதினாறு வரி, வகுப்பு முழுக்க ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தது. நடுவில் அவள் எழுந்து, "வாத்தியாரே, இது என்ன சொல்லுது?" என்று நம் மொழியில் கேட்டாள். சில்லை மாட்டினேன். அதற்கப்புறம் அவள் எதையும் கேட்டதில்லை. அந்தப் பதினாறு வரியில் எட்டாவது வரி, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவேண்டும் என்பதுதான். அதை ஒப்பித்து இன்ஸ்பெக்டரிடம் கைதட்டல் வாங்கிவிட்டு, இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளும் ஊற்றுக்கு ஓடிக் கையால் அள்ளிக் குடிப்பார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பதுதான், இருந்தாலும் சொல்கிறேன். பாடம் நடத்துவதை மாற்றிவிட்டேன். இப்போது எந்தப் பாடத்தையும் முதலில் கிரெயோலில் பேசிக்கொள்கிறோம். ஆற்றைப் பற்றிப் பாடம் என்றால் ஆற்றுக்குப் போகிறோம். பிறகுதான் பிரெஞ்சு. அர்த்தம் சொல்ல முடியாத வரியை யாரும் மனப்பாடம் பண்ணக்கூடாது. அந்தச் சில்லு இப்போது எனக்கு. புரியாமல் நான் எதையாவது நடத்திவிட்டுப் போனால் பிள்ளைகள் அதை என் கழுத்தில் மாட்டலாம். முதல் நாள் யாருக்கும் தைரியம் வரவில்லை. இரண்டாம் நாள் ஒரு வாண்டு பெஞ்சு மேல் ஏறி மாட்டியது. ஐயோ, அந்தச் சிரிப்பு! சாயங்காலம் வரைக்கும் அதோடுதான் நடந்தேன். அதன் கயிறு இவ்வளவு அரிக்கும் என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. ரோஸ்லாந்த் மட்டும் சிரிக்கவில்லை.

ஊர் என்னை ஏசுகிறது. "கிரெயோல் என் ஆட்டுக்கே தெரியும், அதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? என் புள்ளையும் கரும்பு வெட்டணுமா?" என்று பெற்றவர்கள் கேட்கிறார்கள். ஏழு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பங்குச்சாமியார் கூப்பிட்டு அனுப்பி, "எலிஃபாத், உமக்கு வயசாகிவிட்டது" என்றார். அடுத்த வருடம் நாற்காலி இருக்குமா தெரியாது, அதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பிரெஞ்சு தெரியாதவனுக்கு இங்கே எந்தக் கதவும் திறப்பதில்லை. கதவைத் தட்ட மட்டும் கற்றுக்கொடுத்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

போன ஞாயிறு, நம் ஊர்ச் சிற்றாலயத்தில் பூசை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போது, மாமரத்தடியில் நான் நின்றதைச் சொன்னேன். பிறகு மெலிஸ்தீன் கிழவி, "விடுங்க வாத்தியாரே, பெரிய படிப்புப் படிச்சவர், மனசுல ஆயிரம் இருக்கும்" என்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ரோஸ்லாந்தின் பக்கம் திரும்பி, "பிள்ளே, அந்த வாசிப்பு உன்னுது இல்ல, என்னுது. தப்பும் என்னுது" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் சொன்னதை நம்பி ஆட்டவில்லை. வகுப்பில் புரியாத பிள்ளைகள் புரிந்தது என்று ஆட்டுவார்களே, அப்படி ஆட்டினாள்.

ஜூன் 20, திங்கட்கிழமை

நேற்று எழுதியதை இன்று பள்ளி விட்டதும் உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் வீட்டுக்காக நான் எழுதிய கடிதங்களில், ஒட்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் கேட்டது இதைத்தான். சிலியானா துவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள். நடுவில் கை நின்றுவிட்டது. ரோஸ்லாந்த் கதவுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஷூ அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதை யாரும் தொடக்கூடாதாம்.

வாசித்து முடித்து, வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டேன்: "இதுல யாருக்காச்சும் புரியாதது இருக்கா? ஏதாச்சும் விட்டுப்போச்சா?" சிலியானா இல்லை என்றாள். ரோஸ்லாந்த் திரும்பாமலே பேசினாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"விட்டுட்டீங்க, வாத்தியாரே. ஞாயித்துக்கிழமை அம்மா மருந்து தேடிப் போயிருந்தாங்க. ஜெதே தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே இருந்தான். கேட்டப்பல்லாம் நான்தான் குடுத்தேன். அந்த வாளியிலேர்ந்துதான் குடுத்தேன். ஏழு தடவை. கடைசியா குடுத்தப்போ என்னப் பாத்து சிரிச்சான். அதையும் அப்பாவுக்கு எழுதுங்க."

எழுதிவிட்டேன், ஒரேலியன்.

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தேன். தாகமெடுத்த தம்பிக்குத் தண்ணீர் கொடுப்பது பாவம் இல்லை என்றேன். என் வாயிலிருந்து வருவதை அவள் இனி எப்படி நம்புவாள்? சிலியானா சொன்னாலும் அழுதுகொண்டேதான் சொல்கிறாள், அதனால் அதுவும் எடுபடவில்லை. நீதான் சொல்லவேண்டும். உன்னால் உடனே கிளம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். அறுவடை முடியாமல் தோட்டத்துக்காரன் விடமாட்டான்.

அதனால் ஒரு கடிதம் போடு. எனக்கு வேண்டாம், எனக்கு நீ எதுவும் எழுதவேண்டாம். உறைமேல் ரோஸ்லாந்த் என்று அவள் பெயரை மட்டும் போடச் சொல். நான் பிரிக்கமாட்டேன், வாசித்துக் காட்டவும் மாட்டேன். அப்பாவின் கடிதம் கைக்கு வந்தால், அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழியில்லை, அவளேதான் வாசித்தாகவேண்டும். நம் மொழியில் இரண்டு வரி போதும். ஜெதெயோனிடம் பேசுவதென்றால் எப்படிப் பேசியிருப்பாயோ அப்படி. தம்பி, உன்னை மன்றாடிக் கேட்கிறேன், அவன் வாயில் என்ன வருகிறதோ அதை அப்படியே எழுது. அவன் அழுதால், அழுதான் என்று எழுது.

உன்னை எட்டு வயதில் என் வகுப்பிலிருந்து விரட்டியவன் நான். இன்று உன்னிடம்தான் ஒரு பாடம் கேட்டு நிற்கிறேன். கடவுள் உன் கையையும் காலையும் அரிவாள் படாமல் காக்கட்டும். டிசம்பரில் நீ வரும்போது உன் மகள் வாசலில் நின்று உன் கடிதத்தை உனக்கே வாசித்துக் காட்டும்படி ஆகட்டும்.

இப்படிக்கு,
"இது என்ன சொல்லுது" என்று அவள் கேட்டபோது பதில் சொல்லாதவன்,
எலிஃபாத் தெசினோர்